30 பேருக்கு உருளைக்கிழங்கு மசியல் கவுண்ட்டர்

நவம்பர் 4-ஆவது வியாழக்கிழமை நெருங்க நெருங்க, அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் தேங்க்ஸ்கிவிங் பாட்லக் (ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து) பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். உருளைக்கிழங்கு மசியலுக்கு அதில் எப்போதும் ஓர் இடம் உண்டு. அதைப் பத்தோடு பதினொன்றாக ஓர் அலுமினிய டிரேயில் வைத்துவிடாமல் தனி மேசை போட்டு, பக்கத்தில் கிரேவி, சீஸ், வறுவல், பொடி எல்லாம் வரிசையாக அடுக்கி, அவரவருக்கு வேண்டியதை அவரவரே மேலே போட்டுக்கொள்ள விட்டால் அதுதான் மேஷ்ட் பொட்டேட்டோ பார். அமெரிக்கக் கல்யாண வரவேற்புகளில் இதை மார்ட்டினி மது கொடுக்கும் நீண்ட காலுள்ள கோப்பையில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. வீட்டு பார்ட்டிக்கு அது வேண்டாம். கோப்பையின் கால் உயரம், மசியலின் கனம் இரண்டும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் முழங்கை பட்டாலே போதும், கவிழ்ந்துவிடும்.

நம் வீட்டுக் கூட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது கடினம். மூன்று வயதுக் குழந்தை வெறும் வெண்ணெய் போட்டுச் சாப்பிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுக்கொள்வார். காலேஜ் பிள்ளைகள் சிக்கன் சுக்காவின் மேல் சீஸை மலைபோலக் குவிப்பார்கள். ஒரே பாத்திரம், எல்லோருக்கும் சாப்பாடு.

ஏற்பாடு செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, டாப்பிங் பட்டியலிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு மசியலைக் கடைசி ஒரு மணி நேரத்தில் அவசரமாகக் கிண்டுவது. பக்கவாத்தியம் எத்தனை இருந்தாலும் பாட்டு சரியில்லை என்றால் கச்சேரி கிடையாது. மசியல் இரண்டு மணி நேரம் சூடாக, இளக்கமாக, பசை தட்டாமல் இருக்க வேண்டும். அது நடந்துவிட்டால் மேலே தூவ வெங்காயத்தாள் மட்டும் இருந்தாலும் பார்ட்டி நன்றாகவே போகும். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்குமேல் மசியலைப் பற்றித்தான்.

எவ்வளவு வாங்குவது

மேசையில் வேறு சாப்பாடும் இருக்கிறது, பெரியவர்களும் குழந்தைகளுமாக 30 பேர் என்றால் தலைக்கு அரை பவுண்ட், அதாவது சுமார் 225 கிராம் பச்சைக் கிழங்கு. மொத்தம் 15 பவுண்ட். 10 பவுண்ட் ரஸ்ஸெட் ரகப் பை ஒன்று, 5 பவுண்ட் யூகான் கோல்டு ரகப் பை ஒன்று வாங்கினால் கணக்கு முடிந்தது. இதுவே முழுச் சாப்பாடு, வேறு எதுவும் இல்லை என்றால் 20 பவுண்டாக்குங்கள்.

தோல் போனது போக, பாலும் வெண்ணெயும் சேர்ந்தபின் 15 பவுண்டிலிருந்து சுமார் 8 கிலோ மசியல் வரும். 8-ஆம் எண் ஐஸ்கிரீம் கரண்டி ஒன்று அரைக் கப் பிடிக்கும். தலைக்கு இரண்டு கரண்டி, பெரிய பசிக்காரர்களுக்கு மூன்று என்றாலும் தட்டுப்பாடு வராது. சாதாரணக் குழிக்கரண்டியைப் போட்டீர்களானால் முதலில் வருபவர்கள் கிண்ணம் நிறைய அள்ளிவிடுவார்கள். டாப்பிங்குக்கு இடம் இருக்காது, கடைசிப் பத்துப் பேருக்கு மசியலும் இருக்காது. அந்த ஐஸ்கிரீம் கரண்டியை வாங்கிவிடுங்கள், இரண்டாக.

எந்தக் கிழங்கு

ரஸ்ஸெட்டில் மாவுச்சத்து அதிகம், ஈரம் குறைவு. வெந்ததும் பொலபொலவென்று உதிரும், பாலை நன்றாக இழுக்கும். ஆனால் சுவை சற்று வெளிறினாற்போல இருக்கும். யூகான் கோல்டு கனடாவின் ஒன்டாரியோவில், குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980-இல் சந்தைக்கு வந்த ரகம். மஞ்சள் சதை, வெண்ணெய் வாசனை, நடுத்தரமான மாவு. அதை மட்டும் போட்டால் மசியல் கொஞ்சம் கனமாக உட்காரும். இரண்டு பங்கு ரஸ்ஸெட்டுக்கு ஒரு பங்கு யூகான் கோல்டு கலந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். சிவப்புத் தோல் கிழங்கும் சின்னச் சின்னப் புதுக்கிழங்கும் இதற்கு ஆகவே ஆகாது. பொரியலுக்கு அருமையாக இருக்கும் அந்த இறுக்கம்தான் மசிக்கும்போது எதிரியாகிறது.

பெயர் எழுதாத பையில் கிடைத்த கிழங்கு எந்த வகை என்று தெரியாவிட்டால், 1 கப் தூள் உப்பை 11 கப் தண்ணீரில் கரைத்து அதில் ஒரு கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக்கிழங்கு, மசியலுக்கு நல்லது. மிதந்தால் பொரியலுக்கு எடுத்து வையுங்கள்.

வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், மசியலில் ஓர் அசட்டுத் தித்திப்பு வந்துவிடும். கராஜில் இருட்டான, உறையும் அளவுக்குக் குளிராத மூலை போதும். வெளிச்சம் பட்டுப் பச்சையான பகுதியை ஆழமாகச் செதுக்கி எறியுங்கள். முழுக்கப் பச்சை என்றால் கிழங்கையே எறிந்துவிடுங்கள்.

முந்தின இரவே தோல் சீவி, முழுதாகத் தண்ணீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், கறுக்காது. தண்ணீருக்குமேல் தலைகாட்டும் துண்டுதான் கறுக்கும். (இந்த ஓர் இரவு ஃப்ரிட்ஜ் சுவையைக் கெடுக்காது, வாரக்கணக்கில் இருந்தால்தான் தித்திப்பு ஏறும்.) இன்னொன்று: 15 பவுண்ட் கிழங்கின் தோலை சிங்க்கில் இருக்கும் டிஸ்போசலில் தள்ளாதீர்கள். அரைபட்ட தோல் மாவுக்கூழாகிக் குழாய் வளைவில் அடைத்துக்கொள்ளும், விடுமுறை நாளில் பிளம்பரும் கிடைக்கமாட்டார். குப்பைப் பையில் போடுங்கள், தோட்டம் இருந்தால் உரக்குழியில்.

வேகவைப்பது

வீட்டு அடுப்பில் 15 பவுண்டை ஒரே பாத்திரத்தில் வேகவைக்க முடியாது. மேல்பாரத்தில் அடிக்கிழங்கு கரைந்திருக்கும், மேலே உள்ளது கடக்கென்று இருக்கும். இட்லி மாதிரி ஈடு போட்டுச் செய்யுங்கள். ஓர் ஈட்டுக்கு 5 பவுண்ட், 8 குவார்ட் பாத்திரம். ரஸ்ஸெட்டும் யூகான் கோல்டும் வேகும் நேரம் கொஞ்சம் மாறும் என்பதால் ஒரே ஈட்டில் கலக்காமல், ரஸ்ஸெட் இரண்டு ஈடு, யூகான் கோல்டு ஓர் ஈடு என்று வைத்துக்கொண்டு கடைசியில் சேர்ப்பதுதான் சுலபம்.

துண்டுகள் ஒன்றரை அங்குலம், எல்லாம் ஒரே அளவு. நறுக்கியபின் இரண்டு தண்ணீரில் அலசுங்கள், வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் மாவு போகட்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு, துண்டுக்குமேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வைத்து, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் உப்புச் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளிப்பக்கம் கரைந்துவிடும். கொதி வந்ததும் தீயைத் தணித்து, தண்ணீர் மெல்லச் சலசலக்கும் அளவில் 15 முதல் 20 நிமிடம். ஒரு துண்டைக் கத்தியால் குத்தித் தூக்கினால் அது தானாக நழுவி விழ வேண்டும். இங்கே அரை நிமிடம் அவசரப்பட்டால்கூடக் கட்டி நிச்சயம். வேகாத கட்டியைப் பின்னால் எவ்வளவு மசித்தாலும் கரைக்க முடியாது, மசிக்க மசிக்கப் பசைதான் வரும்.

வடிகட்டியபின் ஒரு வேலை இருக்கிறது. நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வடித்த கிழங்கைச் சூடான பாத்திரத்திலேயே திரும்பப் போட்டு, சின்னத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். முதலில் புசுபுசுவென்று ஆவி கிளம்பும். பிறகு ஆவி குறைந்து, துண்டுகளின் ஓரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் பிடிக்கும். அதுதான் பதம். இந்தத் தண்ணீர் போகாவிட்டால் வெண்ணெயும் பாலும் உள்ளே ஏறாது. ருசியே இல்லாத, ஓரத்தில் நீர் கசியும் மசியல்தான் கிடைக்கும்.

மசிப்பது

மிக்ஸி, ஃபுட் பிராசஸர், பிளெண்டர் மூன்றையும் அலமாரியில் பூட்டி வையுங்கள். கிழங்கு வேகும்போது மாவுச்சத்து ஊதிப்போய் செல்லுக்குள்ளேயே இருக்கும். மெதுவாக அழுத்தினால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், மசியல் பஞ்சாக வரும். பிளேடு சுற்றினால் செல்கள் கிழிந்து மாவுச்சத்து வெளியே கொட்டும். சுவரொட்டிக்கு மைதாப் பசை காய்ச்சுவோமே, அதே சங்கதிதான் பாத்திரத்தில் நடக்கும். அப்படி ஆன பிறகு திருப்பவே முடியாது. ஸ்டாண்ட் மிக்ஸர் இருந்தால் தட்டையான துடுப்பைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல் சமாளிக்கலாம்.

பொட்டேட்டோ ரைஸர் என்று ஒன்று கடையில் கிடைக்கும். அதை வாங்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். நம் வீட்டு நாழி, அச்சு எல்லாம் அந்தக் கருவியின் உடன்பிறப்புதான். இடியாப்பத் தட்டின் துளை மிகச் சின்னது, கை வலித்துவிடும். காராசேவுக்குப் போடும் பெரிய துளைத் தட்டைப் போட்டு, கிழங்கு கை சுடும் சூட்டில் இருக்கும்போதே பிழிந்தால் கட்டி என்ற பேச்சே இல்லை. ஆறினால் பிழிய முடியாது, பசையும் தட்டும். அச்சு இல்லாவிட்டால் பருப்பு மத்து தாராளமாகப் போதும், வட்டமாகக் கடையாமல் மேலிருந்து கீழே அழுத்துங்கள்.

5 பவுண்ட் ஈடு ஒன்றுக்கு அளவு: உப்பில்லாத வெண்ணெய் 2 ஸ்டிக், அதாவது 225 கிராம். கிரீம் சீஸ் அரைக்கட்டி, 4 அவுன்ஸ். கொழுப்பு எடுக்காத பால் ஒன்றரைக் கப்பிலிருந்து 2 கப் வரை. தூள் உப்பு 2 டீஸ்பூனில் தொடங்கி ருசி பார்த்து.

முதலில் வெண்ணெயைத்தான் போட வேண்டும். கொழுப்பு மாவுச்சத்தின் மேல் படிந்துவிட்டால், பிறகு ஊற்றும் பால் அதைப் பசையாக்குவது குறையும். அடுத்து அறைச் சூட்டில் இருக்கும் கிரீம் சீஸ், கடைசியில் கொதிக்கக் கொதிக்கப் பால், கொஞ்சம் கொஞ்சமாக. ஃப்ரிட்ஜ் பாலை அப்படியே ஊற்றினால் மசியல் இறுகி, சூடும் போய்விடும். பாலைக் காய்ச்சும்போது ஆறு பல் பூண்டைத் தட்டிப் போட்டு வடிகட்டிக்கொண்டால் மணம் மட்டும் வரும், வாயில் பூண்டு அகப்படாது. கிரீம் சீஸ் எதற்கு என்றால், நேரம் ஆக ஆக மசியல் வறண்டு போவதை அது தள்ளிப்போடும். உடனே சாப்பிடுவதற்கு அது தேவையில்லை, கவுண்ட்டரில் காத்திருக்கும் மசியலுக்குத் தேவை.

இரண்டு விஷயம் கவனம். உப்பு வழக்கத்தைவிட ஒரு மாற்றுக் குறைவாக இருக்கட்டும், கிரேவி, சீஸ், சுக்கா எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. பதமும் நீங்கள் சரி என்று நினைப்பதைவிடக் கொஞ்சம் தளர்வாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழுகும் அளவில் இருக்கட்டும். அரை மணி நேரத்தில் அதுவே இறுகிவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், வீகன் சாப்பிடுபவர்கள் இருந்தால் ஈடு கலக்கும் முன்பே ஒரு கிலோ கிழங்கைத் தனியாக எடுத்து, நல்ல ஆலிவ் எண்ணெய் அரைக் கப், கிழங்கு வெந்த தண்ணீர் முக்கால் கப் சேர்த்து மசித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதை மறக்க வேண்டாம்.

சூடு குறையாமல் வைப்பது

மின்சாரத்தில் மெதுவாகச் சூடேறும் 6 குவார்ட் ஸ்லோ குக்கர் இரண்டு போதும். ஒன்று சொந்தமாக இருக்கும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். உள்பாத்திரத்துக்கு வெண்ணெய் தடவி, அரை மணி நேரம் முன்னதாகவே 'வார்ம்' என்ற நிலையில் போட்டுச் சூடேற்றி, மசியலைச் சுடச்சுட அதில் மாற்றுங்கள். லோவில் வைக்காதீர்கள். ஸ்லோ குக்கரின் சூடு பக்கச் சுவரிலிருந்து வருகிறது, லோவில் ஓரம் முழுக்கக் காய்ந்து பழுப்பு வளையம் கட்டிவிடும். அரை மணிக்கு ஒருமுறை மூடியின் உள்பக்க நீரைத் துடைத்து, ஓரத்தை உள்ளே தள்ளிக் கிளறி, தேவைப்பட்டால் கால் கப் சூடான பால் சேர்த்துத் தளர்த்துங்கள். இதற்காகவே ஒரு பிளாஸ்க்கில் ஒன்றரை லிட்டர் சூடான பால் தயாராக இருக்கட்டும். இந்த வேலைக்கு ஓர் ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டுக்காரர் வாசலுக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருப்பார், அவருக்கு இது நினைவுக்கு வராது.

மசியலின் நடுவே தெர்மாமீட்டரைச் செருகினால் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது. பாலும் வெண்ணெயும் சேர்ந்த கிழங்கு, வெதுவெதுப்பில் கிருமிக்கு நல்ல தீனி. சூடில்லாமல் வெளியே இருந்தது இரண்டு மணி நேரம் தாண்டினால் எடுத்து வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அப்புறம், முந்தின நாள் செய்து ஃப்ரிட்ஜில் வைத்த மசியலை ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடாக்கப் பார்க்காதீர்கள். அது சூடேறவே பல மணி நேரம் எடுக்கும். அடுப்பிலோ ஓவனிலோ 165 டிகிரிக்குக் கொண்டுவந்தபின்தான் ஸ்லோ குக்கருக்கு மாற்ற வேண்டும். மசியல் நான்கு மணி நேரம் வரை இப்படித் தாங்கும். அதற்குமேல் நிறமும் மணமும் மங்கும்.

மின்சாரத்தையும் பாருங்கள். அமெரிக்க வீட்டில் 15 ஆம்ப் சர்க்யூட் ஒன்று அதிகபட்சம் 1,800 வாட் தாங்கும். ஸ்லோ குக்கர் ஒன்றுக்கு 200 முதல் 300 வாட்தான், மூன்று போட்டாலும் பிரச்சினை இல்லை. ஆனால் அதே பிளக் வரிசையில் யாராவது காபிக்குத் தண்ணீர் வைக்க 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் பிரேக்கர் விழும். கூட்டத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மசியல் சில்லிட்டுப் போனபின்தான் தெரியும். கெட்டிலுக்கும் ஏர் ஃப்ரையருக்கும் வேறு பக்கம் இடம் கொடுங்கள். வயர் நடைபாதையில் குறுக்கே போகாமல் மேசையைச் சுவர் பிளக்குக்கு அருகில் போடுங்கள்.

கிரேவி

2 லிட்டர் வேண்டும். பாக்கெட் பொடியை விட்டுவிட்டு வீட்டில் செய்தால் சைவம், அசைவம் இரு தரப்பும் சாப்பிடும் சைவ கிரேவியாகவே செய்யலாம். காய்ந்த ஷிடாக்கே காளான் 50 கிராமை ஒரு லிட்டர் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரோடு காய்கறி ஸ்டாக் சேர்த்து இரண்டேகால் லிட்டராக்கிச் சூடாக வைத்திருங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி 150 கிராம் வெண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, 150 கிராம் மைதாவைத் தூவி, வேர்க்கடலைத் தோலின் நிறம் வரும்வரை எட்டுப் பத்து நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். அந்த நிறம்தான் ருசி. வெள்ளையாக இருக்கும்போதே ஸ்டாக்கை ஊற்றினால் பச்சை மாவு வாடை கடைசிவரை போகாது. பிறகு சூடான ஸ்டாக்கை ஒவ்வொரு குழிக்கரண்டியாக ஊற்றிக் கலக்கி, 15 நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் சோயா சாஸும் மிளகும் சேர்த்து வடிகட்டுங்கள்.

இதைக் கிண்ணத்தில் வைத்தால் ஆடை படியும், கரண்டி சொட்டும், மேசைவிரிப்பு பத்து நிமிடத்தில் பாழாகும். காபி பரிமாறும் மூக்கு வைத்த தெர்மாஸ் ஜாடியில் ஊற்றி வையுங்கள். இரண்டு மணி நேரமும் சூடு நிற்கும், குழந்தைகளும் சிந்தாமல் ஊற்றலாம். வடிகட்டச் சொன்னதே இதற்காகத்தான். காளான் துண்டு ஒன்று மூக்கில் சிக்கினாலும் வரிசை நின்றுபோகும்.

மேலே போட

ஏழெட்டு வகைக்கு மேல் போகாதீர்கள். கிண்ணம் கூடினால் வரிசை மெதுவாகும், ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும். சூடாக இரண்டு, குளிர்ச்சியாக மூன்று, மொறுமொறுவென்று மூன்று என்று இருந்தால் நிறைவாக இருக்கும்.

சூடானதில் ஒன்று காளான் மிளகு வறுவல். ஒன்றரைக் கிலோ காளான் வாங்குங்கள், வதக்கினால் பாதியாகச் சுருங்கிவிடும். மற்றொன்று சிக்கன் சுக்கா அல்லது மட்டன் கீமா, எலும்பில்லாமல் 2 கிலோ. எலும்போடு வைத்தால் கையில் கிண்ணத்தோடு நின்றபடி சாப்பிட முடியாது. எந்த வறுவலானாலும் துண்டு சிறுவிரல் நுனி அளவுதான்.

குளிர்ச்சியானதில் சவர் கிரீம் 24 அவுன்ஸ் டப்பா ஒன்று, அடியில் ஐஸ் போட்ட தட்டில். தயிர்தான் இருக்கிறது என்றால் துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்டு, கட்டித் தயிரில் கொஞ்சம் உப்பும் கொத்தமல்லியும் கலந்தால் அதைவிட நன்றாகவே இருக்கும். வெங்காயத்தாள் நான்கு கட்டு. செடார் சீஸ் ஒன்றரைப் பவுண்ட், கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி விற்கும் பையில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் கலந்திருப்பார்கள், அது உருகினாலும் வழவழப்பு வராது. மொஸரெல்லா வேண்டாம். இழை இழையாக நீண்டு, ஒருவர் கிண்ணத்திலிருந்து அடுத்தவர் கிண்ணம்வரை தோரணம் கட்டிவிடும்.

மொறுமொறுப்புதான் இந்த மேசையின் உயிர். மசியல், கிரேவி, சீஸ் எல்லாமே மெத்தென்று இருப்பவை. பல்லுக்கு ஏதாவது அகப்படாவிட்டால் நான்காவது கரண்டியில் திகட்டிவிடும். பொரித்த வெங்காயம் டப்பாவில் கிடைக்கும், 6 அவுன்ஸ் டப்பா மூன்று வாங்குங்கள். ஓமப்பொடி ஒரு கிண்ணம். நெய்யில் பொரித்த கறிவேப்பிலை ஒரு கிண்ணம், ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துப் பொரித்து, ஆறியதும் டப்பாவில் அடைத்தால் மறுநாள்வரை மொறுமொறுப்பு போகாது. மொறுமொறுப்பான எதையும் ஸ்லோ குக்கருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஆவி பட்டு நமுத்துவிடும்.

இவற்றோடு ஓரமாகப் பருப்புப் பொடியும் உருக்கிய நெய்யும். சூடான மசியலின் நடுவே குழி செய்து, ஒரு ஸ்பூன் பொடி போட்டு, அதன்மேல் நெய்யை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். நெய் பொடியை நனைத்துக்கொண்டு ஓரமாக வழியும்போது பூண்டும் பெருங்காயமும் சேர்ந்து எழும் அந்த மணத்துக்கு, எந்த கிரேவியும் ஈடாகாது. பொடியில் வேர்க்கடலை இருந்தால் கட்டாயம் எழுதி வையுங்கள், ஒவ்வாமை உள்ள குழந்தை கூட்டத்தில் இருக்கலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்காக

சைவ மேசை என்று அட்டை வைத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது நம்பிச் சாப்பிட வந்தவருக்குச் செய்யும் துரோகம். அமெரிக்கக் கடைப் பொருட்களில் எதிர்பாராத இடங்களில் அசைவம் இருக்கும். பிரவுன் கிரேவிப் பொடிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ மாட்டு ஸ்டாக்கோ உண்டு. வுர்செஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் சேரும். சில நிறுவனங்களின் சவர் கிரீமில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. பார்மசான் சீஸ் மரபுப்படி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டில் உறையவைப்பது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியலும் கூட வைத்து அதன்மேல் மார்ஷ்மெல்லோ போடுவதாக இருந்தால், அதிலும் ஜெலட்டின். எல்லாம் லேபிளில் எழுதியிருக்கும், வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

அட்டை வைத்தால் மட்டும் போதாது, தூரமும் வேண்டும். சுக்காவை மேசையின் கடைசியில், முடிந்தால் தனிச் சிறு மேசையில் வையுங்கள். சைவ வறுவலுக்குப் பக்கத்தில் வைத்தால் கரண்டி இடம் மாறுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. பச்சை அட்டை சைவம், பழுப்பு அட்டை அசைவம் என்றால் இந்திய உணவுப் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எழுத்திலும் எழுதுங்கள்.

மேசை

மேசையைச் சுவரோடு ஒட்டாதீர்கள். ஓர் ஆள் கிண்ணத்தை நிரப்ப முக்கால் நிமிடம் என்று வைத்தாலும், ஒற்றை வரிசையில் 30 பேருக்கு 22 நிமிடம் ஆகும். இருபுறமும் ஆள் நின்றால் பாதி. அதற்காகத்தான் மசியலை ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு ஸ்லோ குக்கராகப் பிரித்தோம்.

வரிசை இப்படிப் போகட்டும்: கிண்ணம், மசியல், சீஸ், கிரேவி, காளான் வறுவல், சவர் கிரீம், வெங்காயத்தாள், மொறுமொறுப்பு, பொடியும் நெய்யும், தள்ளி சுக்கா, கடைசியில் ஸ்பூனும் டிஷ்யூவும். சீஸ் கிரேவிக்கு முன்னால் வருவது தவறுதலாக அல்ல. மசியலுக்கும் கொதிக்கும் கிரேவிக்கும் நடுவில் அகப்பட்டால்தான் அது உருகும், மேலே தூவினால் விறைத்து நிற்கும். ஸ்பூனை முதலில் வைத்தால் ஒரு கையில் கிண்ணம், மறு கையில் ஸ்பூன் என்று நின்றுகொண்டு கிரேவி ஊற்றக் கை இல்லாமல் தவிப்பார்கள். கிண்ணம் 12 அவுன்ஸ், அகன்ற வாய், தடித்த காகிதம். 45 வாங்குங்கள், இரண்டாவது முறை வருபவர்கள் புதுக் கிண்ணம்தான் எடுப்பார்கள்.

மாலை 6 மணிக்கு விருந்தினர் வருகிறார்கள் என்றால், முந்தின நாள் கிரேவி, சுக்கா, துருவல், நறுக்கல் எல்லாம் முடிந்திருக்கட்டும். அன்று பிற்பகல் 2:30-க்கு முதல் ஈடு அடுப்பில் ஏற வேண்டும். 5 மணிக்குள் மூன்று ஈடும் ஸ்லோ குக்கரில். சுக்காவையும் கிரேவியையும் 5:30-க்குக் கொதிக்கச் சூடாக்குங்கள். அலங்காரத்துக்குத் தனி நேரம் வேண்டாம், பச்சை வெங்காயத்தாளும் பொன்னிற வெங்காயமும் நிறைந்த கிண்ணங்களே மேசைக்கு அழகு.

முடிந்தபின்

மிச்ச மசியலை ஆழமான பாத்திரத்தில் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான டிரேயில் பரப்பி வையுங்கள், மூன்று நான்கு நாள் இருக்கும். போண்டா போடலாம் என்று தோன்றும். இவ்வளவு வெண்ணெயும் பாலும் சேர்ந்த மசியல் எண்ணெயில் பிரிந்துவிடும், அப்படியே உருட்டாதீர்கள். இரண்டு கப் மசியலுக்கு அரைக் கப் ரொட்டித்தூள், ஒரு முட்டை, பச்சை மிளகாய், இஞ்சி சேர்த்துத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு எடுங்கள். முட்டை வேண்டாதவர்கள் இரண்டு ஸ்பூன் அரிசிமாவு சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்லோ குக்கரின் பீங்கான் உள்பாத்திரம் சூடாக இருக்கும்போது குழாயடியில் காட்டினால் விரிசல் விடும். முழுக்க ஆறவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தால் காலையில் அந்த ஓரத்து வளையம் கையோடு வந்துவிடும். இரவல் வாங்கிய பாத்திரத்தை முதலில் கழுவுங்கள்.